சாப்பிட்டு இரண்டு மணி நேரம்

முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரமா, கை கழுவியதிலிருந்து இரண்டு மணி நேரமா? கேட்கக் கூடாத கேள்வியா இது? ஏகாம்பரம் கேட்டார். கேட்டதற்கு அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துப் பெண், கஸ்தூரி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவள், நாற்பது வயது இருக்கும், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "முன்ன பின்ன ஆனா ஒண்ணும் ஆவாது பெரியவரே, போயி உக்காருங்க." முன்ன பின்ன. முப்பத்தாறு வருடம் ரயில் ஓட்டினவரிடம் முன்ன பின்ன. ஜோலார்பேட்டைக்குள் வண்டி ஆறு நிமிடம் தாமதமாக நுழைந்தால் ஏன் ஆறு, ஏன் ஐந்து இல்லை என்று எழுதிக் கொடுத்தவர் அவர். எதிர் ஓட்டலில் முதல் இட்லியைப் பிட்டது எட்டு முப்பத்தைந்து, கை கழுவியது எட்டு நாற்பத்தெட்டு, நடுவில் பதின்மூன்று நிமிடம் இருக்கிறது, பதின்மூன்று நிமிடத்தில் ஒரு வண்டி பதினைந்து கிலோமீட்டர் போய்விடும், ரத்தத்தில் சர்க்கரை ஓரமாக நிற்குமா? பத்து முப்பத்தைந்துக்கு எடுங்கள் என்று அவரே முடிவு சொல்லிவிட்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பெரியவரே என்றதுதான் இன்னும் உறுத்தியது. போன வருடம் ஜூன் மாதம் வரைக்கும் சார். ஜூலை ஒன்றாம் தேதி காலையில் எழுந்தால் பெரியவர். ஒரே ராத்திரியில் என்ன நரைத்துவிட்டது? பெஞ்ச் வேறு ஒரு பக்கம் சாய்ந்தது. மணி எட்டு ஐம்பத்தைந்து.

சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த மருத்துவப் படிவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு சிமெண்ட் தொழிற்சாலை, அதற்குள் சொந்தத் தண்டவாளம், ஒரு பழைய டீசல் எஞ்சின். வேகன்களை முன்னே தள்ளி, பின்னே இழுத்து, வரிசை மாற்றி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். மணிக்கு எட்டு கிலோமீட்டர், மாட்டுவண்டி வேகம். ஓய்வு பெற்ற டிரைவர்களை எடுக்கிறார்கள் என்று நெல்சன்தான் சொன்னான், ஒரு காலத்தில் அவருக்கு அசிஸ்டென்டாக இருந்தவன். "உங்களுக்கில்லாத வேலையா சார், மெடிக்கல் மட்டும் ஃபிட்டுன்னு வந்துட்டா போதும்." வரும். வராமல் என்ன? நான்கு நாளாகப் பாகற்காயும் வெந்தயமும் தின்று நாக்கே செத்துவிட்டது. கேட்டு வாங்கிப் பாகற்காய் சாப்பிட்ட புருஷனைப் பார்த்து சம்பூரணம் மிரண்டே போனாள். ஆனால் காலையில் வெறும் வயிற்றில் எடுத்தபோது அந்தக் கஸ்தூரி படிவத்தைப் புரட்டிவிட்டு இன்னொரு குப்பியிலும் ரத்தம் எடுத்தாளே, அது என்ன என்றால், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியாம். நான்கு நாள் பத்தியத்துக்கெல்லாம் அது மசியாதாம். அதைச் சொல்லும்போதும் ஒரு சிரிப்பு. எஞ்சினிலும் அப்படி ஒரு பெட்டி உண்டு, எந்த இடத்தில் எத்தனை வேகம் என்று தானாகவே பதிந்து வைத்துக்கொள்ளும், பிறகு நீ என்ன சத்தியம் செய்தாலும் எடுபடாது. அந்தப் பெட்டிக்கு அவர் ஒரு நாளும் பயந்ததில்லை. இப்போது தன் ரத்தத்துக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது என்று நினைக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டார். படிவத்தில் பதினான்கு கேள்வி. வலிப்பு உண்டா, இல்லை. மயக்கம் உண்டா, இல்லை. கை கால் மரத்துப்போதல் உண்டா? அந்தக் கேள்வியில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு இல்லை என்று எழுதினார். என்ன மரத்துப்போதல்? பாதத்துக்கடியில் பஞ்சு வைத்ததுபோல் இருக்கிறது, அது வீட்டில் புதிதாகப் போட்ட வழவழப்புத் தரையால். போன வாரம் வாசலில் செருப்பு கழன்று கிடக்க, இவர் பாட்டுக்குத் தெருவில் நடந்து போக, சம்பூரணம் பின்னாலிருந்து கத்தினாள், "என்னாங்க, ஒத்தச் செருப்பு இங்கியே கெடக்குது!" செருப்பு வார் தளர்ந்திருந்தது. வார் தளர்ந்தால் செருப்பு கழலாதா?

ஒப்படைத்தார்கள். அந்த வார்த்தையை நினைத்தாலே இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கடைசி நாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி இறங்கியதும் மாலை, மேளம், பட்டாசு, எஞ்சினுக்கு ஒரு மாலை, அவருக்கு ஒரு மாலை, இரண்டும் ஒரே கடை, ஒரே அளவு. பிறகு வழக்கப்படி எல்லாரும் வேனில் ஏறி அவரை வீடுவரை கொண்டுவந்தார்கள். வாசலில் சம்பூரணம் ஆரத்தித் தட்டோடு நிற்க, சங்கத்துச் செயலாளர் அவர் கையைப் பிடித்து அவள் பக்கம் நீட்டி, "அம்மா, முப்பத்தாறு வருஷமா எங்ககிட்ட இருந்தாரு, எந்தச் சேதாரமும் இல்லாம ஒப்படைச்சிட்டோம், இனிமே உங்க பொறுப்பு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், அதுதான் வெட்கம். அவர் என்ன பெட்டியா, படுக்கையா? பார்சலைக் கொடுத்தாலாவது எண் சரியா என்று பார்த்து வாங்குவார்கள். அப்புறம் ஒவ்வொருத்தனும் காதில் ஓதிவிட்டுப் போனது ஒரே மந்திரம்: ரெஸ்ட் எடுங்க சார், ஜாலியா இருங்க சார். எடுத்தார். பதினாறு மாதமாக ரெஸ்ட் எடுத்து எடுத்துத்தான் இடுப்பு ஆறு அங்குலம் பெருத்தது, ஓடிக்கொண்டிருந்த வரை எட்டிப்பார்க்காத சர்க்கரை வந்தது, பிரஷர் வந்தது, மத்தியானம் மூன்று மணிக்குக் காரணமே இல்லாமல் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாக்கிங் போங்க என்பார்கள். போய்ப் பார்த்தார், அதையும். பள்ளி மைதானத்தில் ஓய்வு பெற்றவர்கள் பத்துப் பேர் வட்டமாக நின்று கையைத் தூக்கி ஹா ஹா ஹா என்று சிரிக்கிறார்கள், உடம்புக்கு நல்லதாம். சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து போகவில்லை. வீட்டிலோ உப்புக்குச் சப்பாணி. கேஸ் வந்தால் கையெழுத்துப் போட, பால் பொங்கினால் அடுப்பை அணைக்க. உள்ளே பேசிக்கொண்டிருப்பார்கள், இவர் போனால் பேச்சு நிற்கும். கூடத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடியே வலது கை தானாக எழும்பும், ஆள்காட்டி விரல் நீளும், டிஸ்டன்ட் கிரீன் என்று வாய் முணுமுணுக்கும். எஞ்சினில் அது சட்டம். சிக்னலைக் கண்டதும் ஒருத்தர் கை நீட்டிச் சத்தமாகச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் பார்த்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னால்தான் சிக்னல். வீட்டில் திருப்பிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? சம்பூரணம் பார்த்துவிட்டு, "ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா" என்று மருமகளிடம் சொல்லிச் சிரித்தாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

போன் அடித்தது. சம்பூரணம். எடுக்கவில்லை. காலையிலிருந்து மூன்றாவது தடவை. எடுத்தால் முதல் கேள்வி தெரிந்ததுதான், "என்னாங்க, இருக்கீங்களா?" இல்லாமல் எங்கே போவார்? மொட்டைமாடிக்குப் போனால் கீழேயிருந்து ஒரு குரல், இருக்கீங்களா. குளியலறையில் ஐந்து நிமிடம் கூடினால் கதவில் ஒரு தட்டு, இருக்கீங்களா. வேலையில் இருந்தபோது இந்தக் கேள்வி இல்லை, ஏனென்றால் ஓட்டும்போது போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட வேண்டும், அவளும் ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை. முப்பத்தாறு வருடம் கேட்காததை எல்லாம் சேர்த்து வைத்து இப்போது கேட்கிறாள் போலிருக்கிறது. இன்றைக்கு அவளிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார், தபாலாபீசில் பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்கப் போகிறேன் என்று. நவம்பர் மாதம், நம்பிவிட்டாள். அந்தச் சான்றை நினைத்தால் அது இன்னொரு எரிச்சல். வருடத்துக்கு ஒரு தடவை போய்க் கட்டை விரலை வைத்து நான் சாகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை! எஞ்சின் நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டது. ஒரு நிமிடம் நீ எதையும் தொடாமல் சும்மா இருந்தால், ஹார்ன் அடிக்காமல், பிரேக்கைத் தொடாமல் இருந்தால், முகத்துக்கு நேரே ஒரு விளக்கு மினுக்கும், அதற்கும் பேசாமல் இருந்தால் ஒரு மணி கத்தும், அதற்கும் காலடிப் பெடலை மிதிக்காவிட்டால் டிரைவர் தூங்கிவிட்டான் இல்லை செத்துவிட்டான் என்று முடிவு கட்டி வண்டி தானாக நின்றுவிடும். எத்தனையோ பேர் அதை நச்சரிப்பு என்று திட்டியிருக்கிறார்கள். அவர் திட்டியதில்லை. இருக்கிறாயா, இருக்கிறேன். இருக்கிறாயா, இருக்கிறேன். கால் தானாக மிதித்துக்கொண்டே இருக்கும். அத்தனை ஆயிரம் டன்னுக்கு நீ உயிரோடு இருப்பது தேவையாக இருந்தது. இப்போது எதற்கு, யாருக்கு? ஒரு வருடம் பெடலை மிதிக்காவிட்டாலும் எதுவும் நிற்காது. போன் அடித்து ஓய்ந்தது. ஒன்பது இருபது.

உட்கார முடியவில்லை. எதிர் பெஞ்சில் ஒரு ஆள் போனில் யாரோ சமையல் செய்வதைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை நிறுத்தச் சொன்னார், அவன் சத்தத்தைக் குறைத்தான், நிறுத்தவில்லை. எழுந்தார். கஸ்தூரி, "எங்க பெரியவரே, ரொம்ப நடக்கக் கூடாது, ரிசல்ட் மாறிடும்" என்றாள். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு இறங்கினார். ரயில் மேம்பாலம் முந்நூறு மீட்டரில் இருந்தது. ஒன்பது ஐம்பதுக்கு ஒரு வண்டி கடக்க வேண்டும், கடக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். படியெல்லாம் உடைந்த பாட்டிலும் வெற்றிலை எச்சிலும். எவனும் எதையும் கூட்டுவதில்லை, எவனும் எவனையும் கேட்பதில்லை, நாடு விளங்குமா என்று திட்டிக்கொண்டே ஏறினார். மேலே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது ஐம்பது. ஐம்பத்தொன்று. ஐம்பத்து மூன்றுக்கு வந்தது. மூன்று நிமிடம், ஏன் என்று எழுதுவானா? காலுக்கடியில் பாலம் அதிர்ந்திருக்க வேண்டும். எப்போதும் அதிரும். கம்பியைப் பிடித்த கைக்குத்தான் அந்த அதிர்வு தெரிந்தது. பாலத்தைப் புதுப்பித்தார்களோ என்னவோ. வலது கை தானாக எழும்பி விரல் நீட்டியது. கிரீன். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. பெட்டிகள் ஓடின, ஓடி முடிந்த தண்டவாளம் வெயிலில் பளபளத்துக் கிடந்தது, பளபளத்தால் அவருக்கு அது ஞாபகம் வராமல் இராது. பதினோரு பேர். முப்பத்தாறு வருடத்தில் அவர் வண்டிக்கு முன்னால் வந்தவர்கள் பதினோரு பேர், தானாக வந்தவர்களும் தெரியாமல் வந்தவர்களும். பத்துப் பேரை மறந்துவிட்டார், அப்படித்தான் சொல்லிக்கொள்வார். மறக்க முடியாதவன் ஒருவன், ஒரு வளைவில், காலேஜ் பையன், காதில் எதையோ மாட்டிக்கொண்டு நடந்தான், ஹார்ன் அடித்தார், அடித்தார், பிரேக் போட்டார், வண்டி முக்கால் கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்றது. இறங்கிப் பின்னால் நடந்து போனபோது எங்கிருந்தோ ஒரு அம்மா வயலில் இருந்து ஓடிவந்தாள், கையில் இன்னும் களைக்கொத்து. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "எம்புள்ள மேல ஏறுச்சே, உனக்குத் தெரியலையாடா? தெரியலையா?" தெரியாது அம்மா. சத்தியமாகத் தெரியாது. அத்தனை கனத்துக்கு அடியில் ஒரு ஆள் போனால் ஒரு அதிர்வுகூட மேலே வராது, கல்லில் ஏறிய சைக்கிள் அளவுக்குக்கூட வராது. தெரிந்திருந்தால் தேவலை என்று எத்தனை முறை நினைத்திருக்கிறார். அவளிடம் இதைச் சொல்ல முடியுமா? சொல்லவில்லை. சட்டையில் பட்டன் போனதுதான் மிச்சம், வீட்டில் கேட்டதற்கு எங்கேயோ மாட்டிக்கொண்டது என்றார். மறுநாள் டியூட்டிக்குப் போனார். அதுதான் மருந்து. வேலை ஒன்றுதான் அந்த அம்மாவின் குரலுக்கு மேலே சத்தம் போடக்கூடியது, அதைப் பிடுங்கிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துவிட்டார்கள், சும்மா இரு, ஜாலியாக இரு என்று. சும்மா இருந்தால் யார் வருகிறார்கள் தெரியுமா? அவள்தான் வருகிறாள். மூன்று மணிக்கு.

படியிறங்கும்போது பத்து ஐந்து. இந்த வேலை கிடைத்தாக வேண்டும். சர்க்கரை எவ்வளவு காட்டினாலும் பேசிச் சரிக்கட்டலாம், மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்கலாம், பிச்சையா கேட்கிறார், வேலைதானே கேட்கிறார்? பத்துப் பதினைந்து ஆட்கள் வேகன்களுக்கு நடுவில் குனிந்தும் நிமிர்ந்தும் கொக்கி மாட்டுவார்களாம், நெல்சன் சொன்னான். பார்த்துத்தான் ஓட்டணும் சார். பார்க்காமல்? ஹார்னுக்கும் காலடியில் ஒரு மிதி உண்டு. அவர் காலுக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. போன் மறுபடி அடித்தது, அடிக்கட்டும். பரிசோதனை நிலையத்து வாசலில் செருப்பை உதறிவிட்டுக் கடிகாரத்தையே பார்த்தபடி உள்ளே போனார். பத்துப் பன்னிரண்டு. தண்ணீர் கேனுக்குப் போய் ஒரு டம்ளர் குடித்தார். சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலை ஒரு முறை படித்தார். கதவு வரை நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். பெஞ்சில் உட்கார்ந்து தற்செயலாகக் குனிந்தவர் தரையைப் பார்த்துத் திடுக்கிட்டார். வெள்ளை டைல்ஸில் ரத்தம். சொட்டாக இல்லை, திட்டுத் திட்டாக, கதவிலிருந்து கேன் வரை, கேனிலிருந்து சுவர் வரை, போயும் வந்தும். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பியது.

"ஏம்மா, இது லேபா, கறிக்கடையா? தரையெல்லாம் ரத்தம்! ஊருக்கே நோவு இருக்கா இல்லையான்னு பாக்கறீங்க, கீழ குனிஞ்சு பாக்க ஆள் இல்லையா? யார் ரத்தம்மா இது? எவனுக்கு என்ன வியாதியோ, அதை மிதிச்சிக்கினு எல்லாரும் வீட்டுக்குப் போவணுமா?"

சமையல் பார்த்துக்கொண்டிருந்தவன் போனை நிறுத்தினான். கஸ்தூரி ஊசியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். தரையைப் பார்த்தாள். திட்டுகளின் வழியே அவள் கண் கதவுக்குப் போய், கேனுக்குப் போய், சுவருக்குப் போய், பெஞ்சுக்கு வந்து நின்றது. அவள் சிரிக்கவில்லை.

"சார்," என்றாள். "அது உங்க ரத்தம்."

அவருடைய இடது பாதத்தை அவளே தூக்கி அவர் வலது முழங்கால் மேல் வைத்தாள். பச்சைப் பாட்டில் துண்டு, விரல் நகம் அளவு, குதிகாலுக்கு முன்னால் உள்ளே இறங்கி உட்கார்ந்திருந்தது. வாசலில் ஒற்றைச் செருப்புதான் கிடந்தது. மற்றது மேம்பாலத்துப் படியில் எங்கேயோ. அவர் அந்தக் காலைப் பார்த்தார். வேறு யாருடையதோ போல் அது அவர் மடியில் கிடந்தது. கஸ்தூரி இடுக்கியால் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். அது வருவதைப் பார்த்தார். பார்க்கத்தான் முடிந்தது.

"அவ்ளோ தூரம் நடந்திருக்கீங்க," என்றாள். "உங்களுக்குத் தெரியலையா? சார், தெரியலையா?"

களைக்கொத்து. சட்டை பட்டன். வேகனுக்கு நடுவில் குனிந்து கொக்கி மாட்டுகிற ஒருவன், அவனுக்கு ஒரு அம்மா இல்லாமலா இருப்பாள்? காலடியில் மிதி. கால் அதன்மேல் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்கிற டிரைவர். ஏகாம்பரத்துக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. சங்கத்துச் செயலாளனை, நெல்சனை, ஹா ஹா என்று சிரித்த பத்துப் பேரை, இந்தக் காலை. முக்கியமாக இந்தக் காலை. போன் அடித்தது. விளக்கு மினுக்க, பக்கத்தில் பெஞ்சில் வைத்திருந்த அது நடுங்கி நடுங்கி நகர்ந்தது. அது கீழே விழப்போகும்போது எடுத்துப் பச்சையை அழுத்தினார்.

"என்னாங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"எத்தினி வாட்டி கூப்புடறது? உசுரோட இருக்கேன்னு சொல்றதுக்கு இவ்ளோ நேரமா ஆவும் தபாலாபீசுல?"

"தபாலாபீசுல இல்ல. ரத்தம் டெஸ்ட் பண்ற எடத்துல இருக்கேன். கால்ல கண்ணாடி ஏறிடுச்சி."

"ஐயையோ, எப்போ?"

"தெரியல." சொல்லும்போது கத்திவிட்டார். "எப்போன்னு தெரியல பூரணம். எனக்குக் கால்ல உணர்ச்சி இல்ல. ரொம்ப நாளா இல்ல."

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. மிக்சி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, அது நின்ற பிறகுதான் தெரிந்தது. பிறகு அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "கால்ல உணர்ச்சி இல்ல" என்று திருப்பிச் சொன்னாள். "ரொம்ப நாளா இல்ல." "அங்கியே இருங்க, வரேன்" என்று வைத்துவிட்டாள்.

சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். பேனா கேட்டார். கஸ்தூரி கொடுத்தாள். பதினான்கு கேள்வியில் ஒன்றில் எழுதியிருந்த இல்லை என்பதை அடித்தார், அடித்த வேகத்தில் காகிதம் கிழிந்தது, கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில் உண்டு என்று எழுதினார். எழுதிவிட்டு அதை மடிக்காமல் பெஞ்சில் வைத்தார். காலில் கட்டுப் போட்டாகிவிட்டது. அவரை இனி எந்தத் தண்டவாளத்துக்கும் யாரும் கூப்பிடப் போவதில்லை. சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்தைந்து.

"டைம் ஆச்சு," என்றார், "எடு."

"இப்போ வேணாம் சார், அந்த வேலைக்கே போகலன்னா..."

"டைம் ஆச்சுன்னு சொல்றேன் இல்ல?"

சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார். அவள் ரப்பரைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, ஊசியைச் செருகினாள். சுருக்கென்றது. காலையில் முதல் தடவை குத்தியபோது இந்த அளவு இல்லை, அல்லது அவர் கவனிக்கவில்லை. தோலைத் துளைத்து உள்ளே போவது, போய் நிற்பது, எல்லாம் தெரிந்தது. ஏகாம்பரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வலிக்குதா சார்?"

"வலிக்குது," என்றார். எதிர் பெஞ்சுக்காரன் நிமிர்ந்து பார்த்தான். பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கச் சொன்னார், "வலிக்குது."